பினாமி வீரர்கள்

டெக்ஸ் வில்லர் ரசிகக் கண்மணிகளுக்கு முதலிலேயே ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவில் உங்கள் அபிமான வெள்ளி முடியார் கார்சனுக்கு நல்ல பூசை இருக்கிறது. அடிக்க வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், நானும் அதே கட்சிதான். கோட்டுகாலில் எங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். எனக்குத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தது எந்த வாத்தியாரும் அல்ல, களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய லயன் காமிக்ஸ். இன்றைக்கும் ஊருக்குப் போனால் பெட்டியில் கருப்பட்டியும் நாலு டெக்ஸ் புத்தகமும் இல்லாமல் விமானம் ஏறுவதில்லை. ஆக, உள்கட்சிப் பூசல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டெக்ஸ் பிறந்தது 1948-ல், இத்தாலியில். எழுதியவர் போனெல்லி, வரைந்தவர் கலெப்பினி. கதைப்படி அவர் அமெரிக்க மேற்கில் திரியும் வெள்ளைக்கார ரேஞ்சர். அதே சமயம் நவஹோ பழங்குடிகளின் தலைவரும் அவரே, பெயர் இரவுக் கழுகு. எப்படித் தலைவரானார்? தலைவரின் மகள் லிலித்தைக் கட்டினார். அந்தப் பெண் அம்மைநோயில் செத்துப்போகிறாள். மகன் மிச்சம், பதவி மிச்சம், பெண்டாட்டி மட்டும் கதையில் இல்லை. (எங்கள் ஊர்ப்பக்கம் அந்தக் காலத்தில் சம்பந்தம் வைத்த மாப்பிள்ளைக்குத் தறவாட்டில் ஒரு திண்ணைகூடச் சொந்தம் கிடையாது. இவருக்கு ஒரு இனமே கிடைத்துவிட்டது!)

இதைக்கூட விடலாம். பக்கத்தில் எப்போதும் வறுத்த கறியும் சலிப்புமாக வருகிறாரே கார்சன், அவர்தான் இடிக்கிறார். கிட் கார்சன் என்பது நிஜப் பெயர், நிஜ மனிதர், 1809-ல் பிறந்து 1868-ல் செத்தவர். 1863-ல் ஜெனரல் கார்லட்டனின் உத்தரவில் நவஹோக்கள் மேலேயே படையெடுத்துப் போனவர். நேருக்கு நேர் சண்டை கொஞ்சம்தான். சோளக்கொல்லையைக் கொளுத்துவது, ஆடு மாடுகளைக் கொல்வது, தண்ணீர் கிடைக்காமல் செய்வது என்று பட்டினி போட்டே பணிய வைத்தார்கள். கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் அந்தச் சனங்கள் வளர்த்த பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். சரணடைந்தவர்களை 1864-ல் நியூ மெக்ஸிகோவின் போஸ்க் ரெடோண்டோ முகாம் வரைக்கும் 300 மைலுக்கு மேல் நடத்தியே கொண்டுபோனார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். வழியில் விழுந்தவர்கள், முகாமில் உப்புத்தண்ணீர் குடித்து நோயில் போனவர்கள் ஏராளம். 1868-ல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் மிச்சப்பட்டவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். 'நீண்ட நடை' என்று அவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான்.

நான் குப்பை கொட்டுவது ஃபீனிக்ஸில். அந்தப் பள்ளத்தாக்கு எங்களுக்கு அரை நாள் கார்ப் பயணம். கீழே இறங்க நவஹோ வழிகாட்டி கட்டாயம். எங்களுக்கு வந்த அம்மா வழியெல்லாம் ஆட்டுக்குட்டிக் கதை, பாட்டி கதை என்று சளசளவென்று பேசிக்கொண்டே வந்தார். கார்சன் பெயரை நான் எடுத்ததும் ஜீப்பை நிறுத்தி, மரங்கள் இருந்த இடத்தைக் கையால் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் மறுபடி வண்டியை எடுத்தார். அந்தக் கார்சனைத்தான் நவஹோ தலைவரின் உயிர் நண்பன் என்று சிவகாசி அச்சில் நாம் முப்பது நாற்பது வருஷமாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

வங்கியில் இருபது வருஷம் ஆணி பிடுங்கியவனுக்கு இதைப் பார்த்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வாயில் வரும்: பினாமி. சொத்து ஒருவனுடையது, பத்திரம் இன்னொருவன் பெயரில். நம் நாட்டில் 1988-லேயே இதற்குச் சட்டம் வந்தது, 2016-ல் இறுக்கினார்கள். ஆனால் சரித்திரக் காதல் கதைகளில் நடக்கிற பினாமிக்கு எந்த ஊரிலும் சட்டம் இல்லை. எல்லையோரத்தில் கிடந்து உழன்றவனின் வீரம், காட்டறிவு, அவன் பட்ட பாடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பட்டாவை வெளியிலிருந்து வந்தவன் பெயருக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றுவதற்கு அவர்களிடம் இருக்கிற கருவி இரண்டு. ஒன்று காதல், இன்னொன்று மாறுவேஷம்.

என் மகள் இங்கே பொது நூலகத்திலிருந்து அமெரிக்க மேற்கு எல்லைக் காதல் நாவல்களைக் கட்டுக்கட்டாக அள்ளிக்கொண்டு வருவாள். அட்டையில் சட்டை போடாத ஒரு செவ்விந்தியன், அவன் தோளில் சாய்ந்த ஒரு பொன்முடிக்காரி, பின்னால் மலை, மேலே பருந்து. தங்கமணிக்கு அட்டையைப் பார்த்தாலே ரத்த அழுத்தம் ஏறும். எனக்கு உள்ளே இருக்கிறதைப் படித்தால்தான் ஏறும். இந்த வகையில் கொடிகட்டிப் பறந்தவர் கேஸி எட்வர்ட்ஸ் என்ற அம்மையார். நூறு நாவல் எழுதியவர், பலவற்றின் தலைப்பிலேயே 'காட்டுமிராண்டி' என்ற சொல் வரும். 2008 ஜனவரியில் இவருடைய 'ஷேடோ பேர்' நாவலை வாசகிகள் சிலர் கூர்ந்து பார்த்தார்கள். லகோட்டா தலைவனும் வெள்ளைக்கார நாயகியும் காதல் மயக்கத்தில் இருக்கும்போது திடீரென்று கறுங்கால் ஃபெரெட் என்கிற கீரி மாதிரிப் பிராணியின் வாழ்க்கை முறை பற்றி இருவரும் பாடம் நடத்திக்கொள்கிறார்கள். என்னடா இது என்று தேடினால், 2005-ல் ஒரு வனவிலங்குப் பத்திரிகையில் வந்த கட்டுரையின் வரிகள்! தோண்டத் தோண்ட மற்ற நாவல்களிலும் இதே கதை. நவஹோக்களைப் பற்றி ஆலிவர் லா ஃபார்ஜ் எழுதிப் புலிட்சர் பரிசு வாங்கிய 1929-ஆம் வருஷத்து நாவலிலிருந்துகூட எடுத்திருந்தார். அதே வருஷம் பதிப்பகம் கைகழுவிவிட்டது.

எல்லாரும் இதைத் திருட்டு என்று பேசிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது வேறு இடத்தில். லகோட்டாக்காரனுக்குப் பேச வாய் கொடுத்த அம்மையாருக்கு, அந்த வாயில் வைக்க ஒரு லகோட்டாக்காரனின் பேச்சு வேண்டும் என்று நூறு நாவலில் தோன்றவே இல்லை. பத்திரிகைக் கட்டுரை போதுமாக இருந்தது.

சினிமா இன்னும் மோசம். ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' 1956-ல் வந்தது, உலக சினிமாப் பட்டியல் எதிலும் தவறாமல் இருக்கும். கொமாஞ்சிகள் தூக்கிக்கொண்டு போன பெண்ணை வருஷக்கணக்கில் தேடி அலையும் ஜான் வெய்ன். மூலம் ஆலன் லெமே 1954-ல் எழுதிய நாவல். அதற்குப் பின்னால் இருக்கிற நிஜ ஆட்களில் ஒருவர் என்று ஆய்வாளர்கள் காட்டுவது பிரிட் ஜான்சன் என்கிற கறுப்பரை. டெக்ஸாஸில் 1864 அக்டோபரில் நடந்த எல்ம் கிரீக் தாக்குதலில் மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, தேடிப்போய் மறு வருஷம் மீட்டுக்கொண்டு வந்தவர். 1871-ல் சரக்கு வண்டி ஓட்டிப் போகும்போது கயோவாக்களின் கையில் செத்தார். படத்தில் அவர் வெள்ளைக்காரராகிவிட்டார். கொமாஞ்சித் தலைவனாக நடித்த ஹென்றி பிராண்டன் பெர்லினில் பிறந்த ஜெர்மானியர். படம் எடுத்தது நவஹோக்களின் நிலத்தில், மானுமெண்ட் வேலியில். அந்த நிலத்துக்காரர்கள் தினக்கூலிக்குக் கொமாஞ்சியாகக் குதிரை ஓட்டினார்கள். ஒரு படத்தில் மூன்று பினாமி!

இன்னும் இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவே கண்கலங்கிப் பார்த்த சுற்றுச்சூழல் விளம்பரத்தில் ஒற்றைத் துளிக் கண்ணீர் விட்ட செவ்விந்தியர் அயர்ன் ஐஸ் கோடி. அவருடைய அப்பா அம்மா சிசிலியிலிருந்து லூசியானாவுக்கு வந்த இத்தாலியர்கள். 1976-ல் வந்த 'லிட்டில் ட்ரீ' என்ற செரோக்கி அனாதைச் சிறுவனின் 'சுயசரிதை'யை எழுதியது ஆசா கார்ட்டர், கு கிளக்ஸ் கிளான் ஆசாமி, அலபாமா கவர்னர் வாலஸுக்கு நிறவெறிப் பேச்சு எழுதிக் கொடுத்தவர். பெயரை மாற்றி, ஆளை மாற்றி, செரோக்கி ஆகிவிட்டார். கார்லோன் கணக்கு திறக்க வருகிறவனிடம்கூட நாங்கள் கேஒய்சி கேட்கிறோம். இவர்களிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

என்ன, அமெரிக்காக்காரனை அவன் ஊரிலேயே உட்கார்ந்து திட்டுகிறான் என்று சந்தோஷமாகப் படித்துக்கொண்டு வருகிறீர்களா? இருங்க. இனிமேல்தான் நம் வீட்டுக் கொல்லைப்புறம்.

இங்கே தமிழரும் மலையாளிகளும் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம், பொங்கலுக்கு அவர்கள் முகத்தில் நான் முழிக்க வேண்டும். இந்த வருஷ விழாவுக்கு நாடகம் 'மார்த்தாண்ட வர்மா'. குமரி மாவட்டத்துக்காரர், திருவனந்தபுரத்துக்காரர் இரண்டு பேருக்கும் பொதுவான கதை என்று தேர்ந்தெடுத்தார்கள், நல்ல எண்ணம்தான். நடிகர் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. இளவரசன், பத்மநாபன் தம்பி, பாறுக்குட்டி, சுபத்ரா, சுலைகா எல்லாவற்றுக்கும் ஆள் போட்டாயிற்று. ஒரே ஒரு இடம் காலி. 'பிராந்தன் சான்னான் – காமெடி, சஸ்பென்ஸ் இரண்டும் உண்டு. கிழிந்த முண்டு. முகத்துக்கும் உடம்புக்கும் கரி பூச வேண்டும். ஆர்வமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்.'

கதை தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட நாவல் அது. மலையாளத்தின் முதல் சரித்திர நாவல் என்று சொல்வார்கள், வால்டர் ஸ்காட்டின் வழியில் எழுதிய சுத்தமான சரித்திரக் காதல் கதை. வேணாட்டு மன்னர் ராமவர்மாவின் கடைசி நாட்கள், 1720-கள். பட்டத்துக்கு உரிய மருமகன் மார்த்தாண்ட வர்மாவைத் தீர்த்துக்கட்ட மன்னரின் மகன் பத்மநாபன் தம்பியும் எட்டுவீட்டில் பிள்ளைமாரும் திட்டம் போடுகிறார்கள். பத்மநாபபுரம், சாரோடு, பஞ்சவன்காடு, திருவனந்தபுரம் என்று இன்றைக்கு நாம் பஸ்ஸில் போகிற பாதையெல்லாம்தான் களம். கொல்லப்பட்டுவிட்டான் என்று எல்லாரும் நம்புகிற அனந்தபத்மநாபன், திருமுகத்துப் பிள்ளையின் மகன், பாறுக்குட்டியின் காதலன். அவனை நினைத்து அவள் உருகுகிறாள். இடையில் இளவரசனுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு பைத்தியக்காரச் சாணான் வந்து குதிக்கிறான், காப்பாற்றுகிறான், மறைகிறான். யார் இந்தச் சாணான்? கடைசியில் வேஷம் கலைகிறது. அனந்தபத்மநாபன்!

(130 வருஷத்துக்கு மேல் பழைய நாவல். கதையை உடைத்துவிட்டாய் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.)

விறுவிறுப்புக்குக் குறைச்சலே இல்லை. சுபத்ரா மாதிரி ஒரு பெண் பாத்திரம் அந்தக் காலத்தில் எந்த மொழியிலும் அபூர்வம். நான் பள்ளி நூலகத்துப் பிரதியில் படித்தபோது மூச்சு விடாமல் படித்தேன். ஆனால் எங்கள் பாட்டா பனையேறி. தளைநாரும் முருக்குத்தடியும் அருவாப்பெட்டியும் எங்கள் வீட்டு இறப்பில் கடைசி வரைக்கும் தொங்கின. அக்கானி காய்ச்சுகிற புகையில் வளர்ந்த வீடு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு வேஷம் கலைகிற பக்கம் வரும்போது என்ன தோன்றும்? முந்நூறு பக்கம் நம் ஆள் ஒருத்தன் காட்டிலும் மேட்டிலும் ஓடி ராஜாவைக் காப்பாற்றினான் என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு வருகிறான். கடைசியில் கரியைக் கழுவினால் உள்ளே ஒரு பிரபு வீட்டுப் பையன். சான்னான் என்று ஒருத்தன் அங்கே இருக்கவே இல்லை.

இதைத்தான் சங்கத்து அண்ணன் ஒருவரிடம் போனில் சொன்னேன். ரொம்பப் பொறுமையான மனுஷன். "எடே, அது வெறும் கதை. காதல் கதைக்கு ஒரு சஸ்பென்ஸ் வேணும்லா? மாறுவேஷம் இல்லாம எப்படி?" என்றார்.

அண்ணே, மாறுவேஷம் போடட்டும். காசிச் சாமியார் ஆகட்டும், துலுக்க வியாபாரி ஆகட்டும், நாவலில் அதுவும்தான் ஆகிறான். என் கேள்வி வேறு. ஊரே தேடுகிற ஒரு பிரபு வீட்டுப் பையன், பகைவர்களின் மூக்குக்கு முன்னாலேயே திரிய எந்த வேஷம் பாதுகாப்பு? எவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டார்களோ அவன் வேஷம். எவன் பக்கத்தில் வந்தாலே தீட்டு என்று விலகிப் போவார்களோ அவன் வேஷம். பைத்தியமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த உத்தி பலிக்கிறதே சாணான் பட்ட அவமானத்தை வைத்துத்தான். அந்த அவமானத்தை முதலாகப் போட்டு வந்த லாபம் மட்டும் அனந்தபத்மநாபன் கணக்கில் வரவு. பி.காம் முதல் வருஷப் பையன்கூடச் சொல்வான், இந்த ஐந்தொகை சரியில்லை என்று.

இதில் காலத்தையும் பாருங்கள். சான்னார் பெண்கள் மேலுடை உடுத்ததற்காக அடிபட்டு, வீடும் சபைக்கட்டிடமும் எரிபட்டு, கடைசியில் சென்னை கவர்னர் டிரவெல்யன் நெருக்கி, திருவிதாங்கூர் மகாராஜா அறிவிப்பு போட்டது 1859-ல். அதிலும் என்ன சொன்னார்கள்? மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்ந்த சாதிப் பெண்கள் மாதிரி மூடக்கூடாது. அதிலிருந்து 32 வருஷம் கழித்து நாவல் வருகிறது. நாவல் வந்தபோது அடி வாங்கிய கிழவிகள் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருந்திருப்பார்கள். 'சாணான்' என்ற பெயரை விட்டு 'நாடார்' என்று அரசுக் கணக்கில் எழுத வைக்க 1921 வரைக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, அதுவும் சென்னை மாகாணத்தில். வேஷத்தைக் கலைக்க அனந்தபத்மநாபனுக்கு ஒரு செம்பு தண்ணீர் போதும். நிஜச் சாணானுக்கு அந்த வேஷம் கலைய எத்தனை தலைமுறை ஆயிற்று?

எங்கள் பக்கத்தில் வாய்வழியாக ஒரு கதை ஓடுகிறது. அனந்தபத்மநாபன் நாடார் என்று ஒரு களரி ஆசான் இருந்தார், மார்த்தாண்ட வர்மாவுக்குத் துணையாக நின்றவர், நாவலில் வருவது அவர்தான் என்று விளவங்கோடு பக்கம் அடித்துச் சொல்வார்கள். விழாவும் எடுப்பார்கள். சரித்திரப் பேராசிரியர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம் அல்ல அது. நான் அதற்கு முத்திரை குத்தப் போவதில்லை, ஆவணம் இல்லாமல் கடன் கொடுக்கிற பழக்கமும் எனக்கு இல்லை. ஆனால் ஒரு சனம் இருநூறு முந்நூறு வருஷமாக "அது எங்க ஆளு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது என்றால், கணக்கில் எங்கேயோ இடிக்கிறது என்று ஒரு தணிக்கையாளனுக்காவது தோன்ற வேண்டாமா?

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் அம்மச்சிப் பிலாவு இருக்கிறதே, அதையும் பாருங்கள். துரத்தி வந்தவர்களிடமிருந்து தப்ப மார்த்தாண்ட வர்மா ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்தார். ஒளிந்துகொள்ளச் சொன்னவன் ஒரு சிறுவன். எங்கள் பாட்டி சொல்கிற கதையில் மாடு மேய்க்கிற பையன், அதாவது அசல் கௌபாய் :-). பிறகு ராஜாவுக்கு ஞானம் வருகிறது, வந்தது சாட்சாத் கிருஷ்ணன்தான் என்று. கோயில் எழும்புகிறது. சாமியைக் குறை சொல்லவில்லை. அந்தக் கோயில் பால்பாயசத்துக்கு நான் அடிமை. ஆனாலும் எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் ராஜாவைக் காப்பாற்றினான் என்று ஒரு கதையாவது அப்படியே, பையனாகவே, மிச்சம் இருந்திருக்கலாம். காப்பாற்றினால் ஒன்று பிரபு, இல்லாவிட்டால் கடவுள்.

காதல் பக்கமும் இதே கணக்குதான். நாவலில் அனந்தபத்மநாபனைப் பட்டாணியர்கள் காப்பாற்றி வளர்க்கிறார்கள். அந்தக் கூட்டத்துப் பெண் சுலைகா அவன் மேல் உயிரை வைக்கிறாள். கல்யாணம் பாறுக்குட்டியோடுதான். டெக்ஸின் லிலித் சாகிறாள், சுலைகா ஏமாறுகிறாள். எல்லைக்கு அந்தப்பக்கத்துப் பெண் கதாநாயகனுக்கு மருந்து போடலாம், கூடக் குடும்பம் நடத்தக் கூடாது.

இன்னொன்று, இது கோட்டுகால்காரனுக்கு மட்டும் உறைக்கிற விஷயம். மார்த்தாண்ட வர்மா ஜெயித்த பிறகு எட்டுவீட்டில் பிள்ளைமாரைத் தூக்கில் போட்டு, அவர்கள் வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார்கள், வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரைத் துறைகளில் மீனவர்களிடம் ஒப்படைத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். எல்லாரும் "ஐயோ பாவம் அந்தப் பெண்கள்" என்பார்கள். பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து இறங்கினால் அடிமலத்துறை, அந்தப் பக்கம் புல்லுவிளை. கூடப் படித்த பயல்கள் பாதிப்பேர் அந்தத் துறைகளில் இருந்து வந்தவர்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வதே மரணத்துக்கு அடுத்த தண்டனை என்று ஒரு ராஜ்ஜியம் முடிவு செய்தது. அந்தக் கதையை இன்னும் அதே தொனியில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். துறையில் இருந்தவன் அன்றைக்கு ராத்திரி என்ன நினைத்தான் என்று எழுத ஒரு சி.வி. வரவில்லை.

"அப்போ அந்த நாவலையே எரிச்சிரலாமா?" என்று ஒருவர் கேட்டார். எதற்கு? டெக்ஸையும் எரிக்க மாட்டேன், அடுத்த தடவை களியக்காவிளையில் இறங்கும்போது புது இதழ் வாங்கத்தான் போகிறேன். நாவலும் என் அலமாரியில் இருக்கும். சண்டை நாவலோடு அல்ல, 1891-ல் எழுதியதை 130 வருஷம் கழித்து, இரண்டு கடல் தாண்டி வந்து, நம் பிள்ளைகள் முன்னால் ஒரு கேள்வியும் கேட்காமல் கரி பூசி மேடையேற்றுகிறோமே, அதோடுதான். அமெரிக்காவில் வெள்ளைக்காரன் முகத்தில் கறுப்பு பூசி ஆடினால் உடனே கொதித்து எழுந்து முகநூலில் நாலு பத்தி எழுதுகிற அதே ஆட்கள்தான் இந்தப் பட்டியலையும் தயாரித்தார்கள். அங்கே இனவெறி, இங்கே காமெடியும் சஸ்பென்ஸுமா?

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் இந்த ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஹெலன் ஹண்ட் ஜாக்ஸன் 1881-ல் செவ்விந்தியர்களுக்கு அமெரிக்கா இழைத்த துரோகங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் எழுதினார், யாரும் சட்டை செய்யவில்லை. சரி, கதையாகச் சொன்னால் கேட்பார்கள் என்று 1884-ல் 'ரமோனா' எழுதினார், தெற்கு கலிஃபோர்னியாவில் கலப்பின ரமோனாவுக்கும் செவ்விந்தியன் அலெஸாந்த்ரோவுக்கும் காதல். அலெஸாந்த்ரோவை ஒரு வெள்ளைக்காரன் சுட்டுக் கொல்கிறான். புத்தகம் சக்கைப்போடு போட்டது. படித்தவர்கள் ரயில் ஏறிப் போய், ரமோனா கல்யாணம் செய்த இடம் எது, வாழ்ந்த வீடு எது என்று பார்த்துவிட்டு, படம் போட்ட அட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நிலம் பறிபோனதைப் பற்றி எழுதிய நாவல் நிலம் விற்கிறவர்களுக்கு விளம்பரமாகிவிட்டது.

நாடகத்துக்கு நான் சொன்ன திருத்தம் ரொம்பச் சின்னது. அனந்தபத்மநாபன் சாணான் வேஷம் போடட்டும். அந்த வேஷத்தை அவனுக்குப் போட்டுவிட, நடை சொல்லிக்கொடுக்க, பனங்காட்டு வழியைக் காட்ட ஒரு நிஜச் சாணான் மேடையில் வரட்டும். அவனுக்கு ஒரு பெயர் இருக்கட்டும். தளைநார் எப்படிப் போடுவது, பாளையை எப்படிச் சீவுவது என்று அவன் பிரபு வீட்டுப் பையனுக்குக் கற்றுக்கொடுக்கிற ஒரு காட்சி, ஐந்து நிமிஷம். பையனுக்கு வராது, கீழே விழுவான், சபை சிரிக்கும். காமெடி வேண்டும் என்றால் அதுவே ஆயிற்று. கடைசியில் வேஷம் கலையும்போது அவனும் பக்கத்தில் நிற்கட்டும். வசனம்கூட நானே எழுதித் தருகிறேன் என்றேன். என் மகள் முருக்குத்தடி படம் வரைந்து கொடுத்தாள்.

கமிட்டி கூடிப் பேசியதாம். பின்னூட்டத்தில் "இங்கே வந்தும் சாதியா?" என்று கேட்கப் போகிறவர்களுக்காக முடிவை அப்படியே தருகிறேன். யாருடைய மனமும் புண்படக்கூடாது என்பதால் 'சான்னான்' என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். புதுப் பட்டியலில் 'காட்டுவாசி' என்று இருக்கிறது. நிஜச் சாணானுக்கு நேரம் இல்லையாம். கரி அப்படியே இருக்கிறது, பூசிக்கொள்ளத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.